ஆற்றில் இறங்குமுன் மேல்பக்கத்தைப் பாருங்கள்

கோலாலம்பூரிலிருந்து காலையில் கிளம்பி, குளித்துவிட்டு, மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய ஆறுகள் நிறைய இருக்கின்றன. உலு லங்காட் பக்கம் சுங்கை சொங்காக், சுங்கை கபாய், சுங்கை தெக்காலா. ரவாங் சாலையில் ஏழு அடுக்கு காஞ்சிங் அருவி. வடக்கே உலு யாம், கோல குபு பாரு. இடம் பிடிக்கும்போது பலரும் பார்ப்பது தண்ணீரின் தெளிவும் கார் நிறுத்தும் வசதியும்தான். முதலில் பார்க்கவேண்டியது ஆறு இறங்கி வரும் வழி.

முதல் நாளே கைப்பேசி வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, குளிக்கும் இடத்திலிருந்து ஆற்றை மேல்நோக்கித் தொடர்ந்து பாருங்கள். கடைசிவரை அடர்ந்த காடாக இருந்தால் நல்லது. செம்மண் திட்டு தெரிந்தால் காட்டை வெட்டியிருக்கிறார்கள். சின்ன மழைக்கே நீர் கலங்கும், வெள்ளமும் வேகமாக வரும். மேலே கம்பமோ (கிராமமோ) பண்ணையோ இருந்தால் அதன் கழிவு ஆற்றில் கலக்கக்கூடும். அணைக்கட்டு இருந்தால், நீர் திறந்துவிடும்போது மழையே இல்லாமல் மட்டம் ஏறும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய ஈயக்குட்டைகள் (ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கியவை) குளிக்க ஏற்றவை அல்ல. கரையில் முழங்கால் ஆழம், அடுத்த அடியில் தரையே இருக்காது. ஓரம் வழுக்கும் களிமண் என்பதால் நீச்சல் தெரிந்தவருக்கும் ஏறுவது கடினம். குடிநீர் அணைகளையும் விட்டுவிடுங்கள். வனத்துறை நடத்தும் பொழுதுபோக்குக் காடுகளே குடும்பத்தோடு போக ஏற்றவை. ஆனால் மழைக்காலத்தில் அவற்றைத் திடீரென மூடுவார்கள். 2022 டிசம்பரில் பத்தாங் காலி நிலச்சரிவுக்குப் பிறகு ஆற்றோர முகாம்கள் பலவற்றைத் தற்காலிகமாக மூடினார்கள். போகுமுன் திறந்திருக்கிறதா, அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை மழை ஓரளவு குறைவு. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். எந்த மாதமானாலும் காலை எட்டரைக்குள் இறங்கி, பகல் ஒரு மணிக்குள் கரையேறிவிடுவது நல்லது. வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா (myCuaca) செயலியில் உங்கள் வீட்டுப் பகுதியை மட்டுமல்ல, ஆறு பிறக்கும் மலைப்பகுதியையும் பாருங்கள். முதல் நாள் இரவு கனமழை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இதை இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மலாயில் கெபாலா ஆயர் என்று சொல்லும் திடீர் ஆற்றுவெள்ளம். மலையில் கொட்டும் மழை குறுகிய, செங்குத்தான ஓடைகளில் ஒரே நேரத்தில் இறங்கும். விழுந்த மரமும் சருகும் ஓடையை அடைத்து, பின்னால் நீர் தேங்கி, அடைப்பு உடைந்தால் மொத்தமும் சுவர்போல் வரும். கீழே நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தெளிந்த நீர் திடீரென டீ நிறமாவது, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வருவது, மேலேயிருந்து உறுமல் கேட்பது, மட்டம் காரணமில்லாமல் ஏறுவது அல்லது இறங்குவது: இதில் ஒன்றைக் கண்டாலும் பொருட்களை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். கரையோரமாகக் கீழ்நோக்கி ஓடக்கூடாது.

போய்ச் சேர்ந்ததும் பாய் விரிப்பதற்கு முன் கரை மரங்களின் கிளைகளைப் பாருங்கள். காய்ந்த சருகும் பிளாஸ்டிக் பையும் சிக்கியிருக்கும் உயரம்தான் கடைசியாக வெள்ளம் தொட்ட உயரம். உங்கள் பாய் அதற்கும் மேலே இருக்கட்டும். கார் நிற்கும் கரையிலேயே உட்காருங்கள். நடு ஆற்றுப் பாறையும் எதிர்க்கரையும் வேண்டாம். கோல குபு பாரு பக்கத்துச் சிலிங் அருவிக்குப் போகும் பாதை ஆற்றைப் பலமுறை கடக்கிறது. அங்கே மழை பிடித்தால் திரும்பக் கடக்க முயலாமல், மேடான இடத்தில் நீர் வடியும்வரை காத்திருங்கள்.

பிறகு நீர் விளிம்பில், மட்டத்துக்குச் சரியாக ஒரு குச்சியை நட்டு வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்ப்பது பெரியவர் ஒருவரின் வேலை. குச்சியின் அடி நனைந்து நீர் இரண்டு விரல் ஏறியிருந்தால் எல்லோரையும் வெளியே அழையுங்கள்.

ஆழத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். தெளிந்த நீரில் நான்கு அடி ஆழம், மேலிருந்து பார்த்தால் மூன்று அடியாகத்தான் தெரியும். இடுப்பளவு என்று நினைத்து இறக்கும் பிள்ளைக்கு அது மார்புக்கு மேல் வந்துவிடும். நீளக் கம்பால் குத்திப் பாருங்கள். ஒவ்வொரு வெள்ளமும் மணலையும் பாறையையும் நகர்த்துவதால், போன விடுமுறையில் அளந்தது இந்த விடுமுறைக்கு ஆகாது. தலைகீழாகப் பாய்வது எங்கேயும் வேண்டாம். வேகத்தை அறிய ஓர் இலையைப் போட்டு அதோடு கரையில் நடந்து பாருங்கள். எட்டி நடந்தால்தான் ஈடுகொடுக்க முடிகிறதென்றால் அந்த இடம் பிள்ளைகளுக்கு இல்லை. அருவி விழும் இடத்து வெள்ளை நுரையில் காற்றுக்குமிழி அதிகம், அதனால் உடல் சரியாக மிதக்காது. சுழலும் உள்ளே இழுக்கும்.

காலுக்கு ரப்பர் தோட்டங்களில் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதாவது கம்போங் அடிடாஸ், பாசிப் பாறையில் நன்றாகப் பிடிக்கும். ஜப்பான் சிலிப்பர் வழுக்கும், நீரோடும் போய்விடும். 15 மீட்டர் நைலான் கயிறும் 5 லிட்டர் காலிப் போத்தலும் எடுத்துப் போங்கள். போத்தலில் கொஞ்சம் நீர் விட்டு மூடி, கைப்பிடியில் கயிற்றைக் கட்டினால் தூரமாக எறியலாம், மிதக்கவும் செய்யும். யாராவது தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காமல் அதை எறியுங்கள். பள்ளத்தாக்குகளில் பெரும்பாலும் தொடர்பு கிடைக்காது. வரும் வழியில் கடைசியாக எங்கே சிக்னல் இருந்தது என்று நினைவில் வைத்தால்தான் 999-ஐ அழைக்க எங்கே ஓடுவது என்று தெரியும்.

குப்பைத் தொட்டி வழிந்து சோறு சிதறிக் கிடக்கும் இடத்தில் எலி இருக்கும். எலியின் சிறுநீர் கலந்த நீர் காயத்தின் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உடலுக்குள் போனால் எலிக்காய்ச்சல் வரலாம். ஆறாத புண் இருப்பவர் அன்று கரையிலேயே இருக்கட்டும், ஆற்று நீரை யாரும் விழுங்க வேண்டாம். நோய் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தெரியும், ஒரு மாதம் வரைகூட ஆகலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் மருத்துவர் கேட்பதற்கு முன்பே அவரிடம் சொல்லுங்கள்: எந்த ஆற்றில், எந்தத் தேதியில் குளித்தீர்கள் என்று.