மலைமேல் இருப்பவர்கள் புது போன் வாங்கலாமா? வீட்டிலேயே சோதித்து முடிவெடுக்கும் முறை

நீலகிரியில் யாராவது ‘போனை மாத்தணும்’ என்றால், என்ன தொந்தரவு என்று கேட்டுப் பாருங்கள். பேசும்போது கட்டாகுது, சார்ஜ் நிக்கல, ஹேங் ஆகுது என்பார்கள். இந்த மூன்றுக்கும் போன்தான் காரணம் என்று நினைத்து இருபது முப்பதாயிரம் செலவழித்துவிடுகிறோம். ஆனால் மலையில் பல நேரம் இது டவரும் குளிரும் செய்கிற வேலை. அதனால் கடைக்குப் போகும் முன் இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள். ஒரு வார இறுதி போதும்.

முதல் படி: சிக்னலை எண்ணில் பாருங்கள்

மேலே தெரிகிற கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ போய், அதற்குள் ‘சிம் ஸ்டேட்டஸ்’ திறந்தால் ‘சிக்னல் ஸ்ட்ரெங்த்’ என்று மைனஸில் ஒரு எண் இருக்கும், டிபிஎம் என்ற அளவில். சாம்சங்கில் இடையில் ‘ஸ்டேட்டஸ் இன்பர்மேஷன்’ என்று ஒரு படி கூடுதலாக வரும். 4ஜியில் மைனஸ் 90 பக்கம் இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110-ஐத் தாண்டிப் போனால் பேச்சு வெட்டும், நெட் திணறும். எண் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. 10 டிபிஎம் குறைந்தால் போனுக்கு வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். கொஞ்சம்தானே குறைகிறது என்று எண்ணிவிடாதீர்கள்.

இப்போது முக்கியமான சோதனை. தம்பியோ பக்கத்து வீட்டு அக்காவோ புது போன் வைத்திருந்தால், உங்கள் சிம்மை அதில் போடுங்கள். நீங்கள் வழக்கமாகத் திண்டாடும் அதே இடத்தில் நில்லுங்கள்: சமையலறை மூலை, தேயிலைத் தோட்டத்து ஓரம், எதுவானாலும். சிம் உங்கள் போனில் இருந்தபோது அங்கே வந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்; இரண்டு முறையும் 4ஜியிலேயே இருக்க வேண்டும். உங்களுடையதில் மைனஸ் 116, புதியதில் மைனஸ் 114 என்றால் குறை டவரில். கேத்தி பள்ளத்தாக்கு மாதிரி குழிவான இடங்களில் இடையே ஒரு மேடு வந்தாலே அலை தடுக்கப்படும். எந்தப் புது போனும் மலையைத் துளைத்துக்கொண்டு சிக்னல் வாங்கித் தராது. வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால் ‘வைஃபை காலிங்’ வசதியை (டவருக்குப் பதில் வைஃபை வழியாகப் பேசுவது) ஆன் செய்யுங்கள். ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் அது இருக்கிறது, தனிக் காசு கிடையாது. பலருக்குப் பிரச்சினை அத்தோடு தீரும்.

வித்தியாசம் பெரிதாக இருந்தால் பேண்டை, அதாவது போன் எந்தெந்த அலைவரிசைகளை எடுக்கும் என்பதை, பார்க்க வேண்டும். மலைக்கு இதுதான் உயிர்நாடி. குறைந்த அலைவரிசை நெடுந்தூரம் போகும், மேடு பள்ளத்தில் ஓரளவு வளைந்தும் வரும். பிஎஸ்என்எல் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸிலும் (பேண்டு 28) 2100-இலும் (பேண்டு 1) ஓடுகிறது. பழைய 4ஜி போன்கள் பலவற்றில் பேண்டு 28 கிடையாது. உங்கள் ஊர் டவரில் பிஎஸ்என்எல் 4ஜி வந்தும் உங்கள் போனில் மட்டும் எடுக்கவில்லை என்றால், இதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் போன் மாற்றுவது நியாயம். ஜியோ 4ஜிக்கு பேண்டு 3, 5, 40 வேண்டும். 5ஜிக்கு என்28, என்78 (5ஜி பேண்டுகளுக்கு முன்னால் ‘என்’ வரும்). ஏர்டெல் 5ஜிக்கு என்78. 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஓடும் என்78 டவர் பக்கத்தில் வேகமாக இருக்கும், தூரம் போகாது. ஆகவே 5ஜி என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

இரண்டாம் படி: பேட்டரியா, குளிரா?

தலைகுந்தா, காந்தல் பக்கம் டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை புல்லெல்லாம் உறைபனி. அந்த நேரத்தில் 30 சதவீதம் காட்டிய போன் திடீரென அணைந்துபோகும். லித்தியம் அயான் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிறது, உள் மின்தடை ஏறுகிறது. கேமரா திறந்ததும் மின்னழுத்தம் சட்டென்று இறங்க, போன் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடானதும் அதே 30 சதவீதம் திரும்பி வந்தால், குளிர்தான் காரணம். சட்டையின் உள்பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உறைபனியில் இருந்து வந்த கையோடு சார்ஜில் போடாதீர்கள்; பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

நடுப்பகல் வெயிலிலும் அணைகிறது என்றால் பேட்டரி தேய்ந்துவிட்டது. ஐபோன் 14 வரையிலான பேட்டரிகள் 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு தாங்கும்படி செய்யப்பட்டவை என்று ஆப்பிளே சொல்கிறது. சிக்னல் பலவீனமான ஊரில் போன் டவரைத் தேடி அதிக சக்தியில் அலை அனுப்பிக்கொண்டே இருப்பதால் தினமும் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், சுற்றுகள் சீக்கிரம் கூடும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி மாற்றும் விலையைக் கேளுங்கள். புது போன் விலையில் சிறு பங்குதான் வரும். பின்மூடி உப்பியிருந்தால் மட்டும் யோசிக்காமல் அன்றே போனை அணைத்துக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஹேங் ஆவது

வாட்ஸ்அப்பில் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ திறந்து காலை வணக்கப் படங்கள், கோயில் திருவிழா வீடியோக்களை நீக்குங்கள். சேமிப்பு நிரம்பி வழிந்தால் எந்தப் போனும் தவழத்தான் செய்யும்.

நான்காம் படி: செக்யூரிட்டி அப்டேட்

மூன்று சோதனையிலும் போன் தேறிவிட்டாலும் இதில் தவறினால் மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு வெர்ஷனுக்குக் கீழே ‘செக்யூரிட்டி அப்டேட்’ தேதி இருக்கும். அது ஒன்றிரண்டு வருடம் பழையதாக இருந்து, பச்சைத் தேயிலைப் பணம் வரும் வங்கிக் கணக்கும் யூபிஐயும் அதே போனில் இருந்தால், அந்த ஆபத்து வேண்டாம்.

வாங்குவது என்று முடிவானால்

மெகாபிக்சலை விட்டுவிட்டு எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்று முதலில் பாருங்கள். 2024-இல் வந்த பிக்சல் 8ஏ-வுக்கு 7 வருடம், 2025-இல் வந்த சாம்சங் ஏ56-க்கு 6 வருடம் என்று அறிவித்திருக்கிறார்கள். அடுத்து உங்கள் சிம்முக்கு வேண்டிய பேண்டுகள், கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலின் இந்தியப் பக்கத்தில். மூன்றாவது மழை. தேவாலா, பந்தலூர்க்காரர்களுக்கு ஐபி54 (தூசி, தண்ணீரைப் போன் எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறியீடு) என்பது சாரலுக்கு மட்டும்தான் ஆகும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஆனாலும் தண்ணீர் புகுந்த போனுக்குப் பெரும்பாலும் வாரண்டி கிடையாது. சர்வீஸ் சென்டர் எங்கே என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில கம்பெனிகளுக்குக் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கும். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும்.

பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால் முதலில் பேக்கப் எடுங்கள், கூகுள் அக்கவுண்டை நீக்குங்கள், அதன்பிறகே ரீசெட் செய்யுங்கள். புது போனில் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பெட்டியில், பில்லில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டு, திருப்பிக்கொள்ள அவகாசம் இருக்கும்போதே வீட்டு மூலையில் நின்று அந்த டிபிஎம் எண்ணைச் சோதித்துவிடுங்கள்.