தாடிக்கு விதி எழுதும் முன்

பாதுகாப்பு அதிகாரியாக நான் எழுதி ஒட்டிய முதல் சர்க்குலர் ஒரே வரி: ‘ஆலை வளாகத்தில் தாடி அனுமதிக்கப்படாது.’ மறுநாள் காலை அதன் கீழே யாரோ பேனாவால் ‘எம்.டி.க்குமா?’ என்று எழுதியிருந்தார்கள். எம்.டி. அழகாக பிரெஞ்சு தாடி வைத்திருந்தவர். அது ஐப்பசிக் கடைசி. நாலே நாளில் கார்த்திகை பிறந்தது, பதினேழு பேர் மாலை போட்டுக்கொண்டு கறுப்பு வேட்டியில் வந்து நின்றார்கள். சர்க்குலரை நானே கிழித்தேன்.

அது ரசாயன ஆலை. முப்பது வருஷம் அந்தத் தொழிலில் இருந்துவிட்டு, இப்போது சின்னக் கம்பெனிகள் கூப்பிட்டால் போய் விதிமுறை எழுதித் தருகிறேன். தாடி விஷயம் வருஷத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளில் ‘தாடியால் இங்கே என்ன கெடுகிறது?’ என்று எழுதி, பதிலையும் எழுதுங்கள். ‘பார்க்க நன்றாயில்லை’ என்பதைத் தவிர வேறு எதுவும் எழுத வரவில்லை என்றால், உங்களுக்குத் தாடி விதியே வேண்டாம். ‘முடி, தாடி, மீசை சுத்தமாகவும் சீராகவும் இருக்க வேண்டும்’ என்ற ஒரு வரி போதும். அதையும் ஆண், பெண், மேனேஜர், வாட்ச்மேன் எல்லோருக்கும் சேர்த்து எழுதுங்கள்.

வாடிக்கையாளருக்குப் பிடிக்காது என்று சொல்லும் முதலாளிகள் உண்டு. அமெரிக்காவில் டாமினோஸ் பீட்சா கடைகள் நடத்திய ஒரு நிறுவனம் இதையே சொல்லிப் பார்த்தது. ஷேவ் செய்தால் முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கொப்புளமாகும் தொல்லை சிலருக்கு உண்டு. சுருட்டை முடி உள்ள கறுப்பின ஆண்களிடம் இது அதிகம். அப்படிப்பட்டவர்களுக்குக்கூட விலக்கு தராத தாடித் தடையைக் காப்பாற்ற, வாடிக்கையாளர் கருத்துக்கணிப்பையும் நிறுவனம் நீட்டியது. 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நம் ஊர்ச் சட்டம் வேறு. ஆனால் கேள்வி எங்கேயும் அதேதான்: பிடிக்காதது யாருக்கு, அதனால் வேலைக்கு என்ன நஷ்டம்?

உண்மையான காரணம் என்று நான் ஒப்புக்கொள்வது முகத்தோடு இறுகப் பொருந்தும் ரெஸ்பிரேட்டரைத்தான். என்95, ரப்பர் ஹாஃப் மாஸ்க், சிலிண்டரோடு வரும் முழுமுக மாஸ்க் எல்லாம் இதில் சேரும். இவற்றின் விளிம்பு தோலில் ஒட்டினால்தான் காற்று வடிகட்டி வழியாக உள்ளே வரும். இடையில் முடி இருந்தால் அந்தச் சந்து வழியாக வந்துவிடும். காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் பிடிக்கும். நீளத் தாடிதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். நேற்று ஷேவ் செய்து இன்று முளைத்த குச்சிமுடியும் கசிவுக்குப் போதும்.

இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் ஒரு தடவை நானே நாலு நாள் ஷேவ் செய்யாமல் வந்தேன். ஃபிட் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. மாஸ்க் போட்டவர் தலையில் ஒரு ஹூட்டைக் கவிழ்த்து, உள்ளே சாக்கரின் கரைசலை மெல்லிய தூறலாகப் பீய்ச்சுவார்கள். மாஸ்க் சரியாக ஒட்டியிருந்தால் ஒன்றும் தெரியாது. கசிந்தால் நாக்கு இனிக்கும். முறைப்படி முளைமுடியோடு இந்த டெஸ்ட்டைச் செய்யவே கூடாது, நான் செய்தது வெறும் வேடிக்கை காட்டல். சில பீய்ச்சலிலேயே பாயசம் குடித்த மாதிரி இனித்தது. மறுநாள் ஷேவ் செய்துவிட்டு அதே மாஸ்க்கோடு உட்கார்ந்தேன், ஒன்றும் தெரியவில்லை. சுற்றி நின்ற ஷிப்ட் ஆட்களில் ஒருவர், ‘இது சர்க்கரைத் தண்ணி சார், குளோரினா இருந்தா?’ என்றார். எனக்குப் பதிலாக அவரே விதியைச் சொல்லிவிட்டார்.

ஆகவே விதியை முகமூடியிலிருந்து தொடங்குங்கள். ‘தாடி கூடாது’ என்று எழுதாமல், ‘மாஸ்க்கின் விளிம்பு படும் இடத்தில் முடி இருக்கக் கூடாது’ என்று எழுதுங்கள். இப்படி எழுதினால் மீசை தப்பிவிடும், விளிம்புக்குள்ளே அடங்கும்வரை. கீழுதட்டுக்கு அடியில் விடும் சின்னத் துணுக்கும் தப்பும். எம்.டி.யின் பிரெஞ்சு தாடி தப்பாது, அது தாடைக்கு அடியில் விளிம்பைக் குறுக்கே வெட்டுகிறது. அமெரிக்க அரசின் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியாஷ், எந்தத் தாடி மாஸ்க்குக்குச் சரி, எது சரியில்லை என்று படம் போட்டே ஒரு அட்டை வெளியிட்டிருக்கிறது. அதை அச்செடுத்து ஓய்வறையில் ஒட்டினால் பாதி வாக்குவாதம் குறையும். சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்கும் துணி மாஸ்க்கும் இந்தக் கணக்கில் வராது. அவை இறுகப் பொருந்துபவையே அல்ல.

அடுத்து, அந்த மாஸ்க் யாருக்கு உண்மையில் தேவை என்று இடம் இடமாக நடந்து பாருங்கள். எங்கள் ஆலையில் சுமார் நானூறு பேர். நான் நடந்து எண்ணியபோது குளோரின் கொட்டகை, பவுடர் நிரப்பும் இடம், அவசரக் குழு எல்லாம் சேர்த்து அறுபத்திரண்டு பேர்தான் தேறினார்கள். கேன்டீன்காரரையும் கணக்குப்பிள்ளையையும் நான் எதற்கு மழிக்கச் சொன்னேன் என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கேன்டீன் என்றதும் உணவுத் தொழில் ஞாபகம் வருகிறது. அங்கே பிரச்சினை உதிரும் முடிதான். தலைக்குத் தொப்பி போடுவது போல தாடிக்கு வலை போட்டால் முடிந்தது. லேத், டிரில்லிங் மெஷின் பக்கம் நீளத் தாடி சுழலும் தண்டில் சிக்கும். சுருட்டிக் கட்டி வலைக்குள் அடக்கச் சொல்லுங்கள்.

இனி விலக்கு. நம் ஊரில் ஒருவர் தாடி வளர்ப்பதற்கு எத்தனை காரணம்! சபரிமலை விரதம், பழனிக்கு வேண்டுதல், மனைவி மாசமாக இருப்பது, வீட்டில் துக்கம், இஸ்லாமியர், சீக்கியர், தோல் வியாதி, அப்புறம் சும்மா ஸ்டைல். ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் கேட்கப் போனால் நீங்கள் மடாதிபதி வேலை பார்க்க வேண்டியிருக்கும். தாடி எடுக்க முடியாது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் வாங்கி வையுங்கள். பிறகு கேட்க வேண்டியது ஒன்றுதான்: மாஸ்க் தேவைப்படாத இடத்தில் இவரை வைக்க முடியுமா?

நான் இதைத் தெரிந்துகொண்டது ஒருவரை இழந்த பிறகு. குளோரின் கொட்டகையில் இருந்த ஆபரேட்டருக்கு மனைவி ஏழு மாதம். பிள்ளை பிறக்கும்வரை முகத்தில் கத்தி படக் கூடாது என்று அவருடைய அம்மா சொல்லியிருந்தார். நான், ‘ஷேவ் பண்ணிட்டு வா, இல்லேன்னா வராதே’ என்றேன். ஒன்பது நாள் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். மூன்று மாதம் பம்ப் ஹவுஸுக்கு மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும். வால்வை அவ்வளவு நிதானமாகத் திறக்கத் தெரிந்த ஆள் எனக்கு அப்புறம் அமையவில்லை.

இடம் மாற்ற வழியில்லை என்றால், பேட்டரி விசிறியால் வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளும் தளர்வான ஹூட் இருக்கிறது. முகத்தில் ஒட்ட வேண்டியதில்லை, தாடியோடு போடலாம். விலை சாதாரண மாஸ்க்கைப் போலப் பல மடங்கு. ஆனால் உயிருக்கே உடனடி ஆபத்தான காற்றில், பெரிய கசிவு மாதிரி நேரத்தில், இது உதவாது. அங்கே சிலிண்டர் மாஸ்க்தான், மழித்த முகம்தான். அவசரக் குழுவில் மட்டும் எந்த விலக்கும் தராதீர்கள். குழுவில் சேர்வதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

நீதிமன்றம் என்ன சொல்கிறது என்று எச்.ஆர். ஆட்கள் கேட்பார்கள். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விமானப் படையின் தாடிக் கட்டுப்பாட்டைச் சரி என்றது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தாடி வைத்ததும் ஒரு குற்றச்சாட்டாக இருந்த வழக்கில் ஒரு முஸ்லிம் காவலருக்குத் தந்த தண்டனையை ரத்து செய்து, மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. 1957-ஆம் ஆண்டு மதராஸ் போலீஸ் கெஜட்டே முஸ்லிம் காவலர்கள் தாடி வைக்க அனுமதித்திருந்தது. இரண்டுமே அரசின் சீருடைப் பணிகள். உங்கள் பிஸ்கட் கம்பெனியை விமானப் படையோடு ஒப்பிட வேண்டாம். தொழிலாளர்கள் விஷயத்தில் உங்கள் நிலையாணைகளை, அதாவது வேலை நிபந்தனைகளையும் ஒழுங்கையும் வகுக்கும் கம்பெனி விதிகளை, பாருங்கள். ஒழுங்கு விதியை மாற்றுவதற்கு முன்னறிவிப்பு தர வேண்டிய இடமும் உண்டு, அதனால் ஒட்டும் முன் தொழிலாளர் சட்ட வக்கீலிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். சங்கத்திடமும் காட்டுங்கள். அவர்கள் கண்டுபிடிக்கும் ஓட்டை வக்கீலுக்குத் தெரியாது.

நான் இப்போது எழுதித் தரும் வாசகம் இதுதான்: ‘இணைப்பில் உள்ள பணியிடங்களில் இறுகப் பொருந்தும் ரெஸ்பிரேட்டர் அணிபவர்கள், ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் அதன் விளிம்பு படும் இடத்தில் முடி இல்லாதபடி வர வேண்டும். இயலாதவர்கள் எழுதிக் கொடுத்தால் ஊதியமும் பணிமூப்பும் குறையாமல் மாற்றுப் பணி தரப்படும். இது எல்லா நிலை அலுவலர்களுக்கும் பொருந்தும்.’ இணைப்பில் பணியிடங்களின் பெயரை எழுதுங்கள், ஆட்களின் பெயரை எழுதாதீர்கள். ‘ஊதியம் குறையாமல்’ என்பதை முதலாளி அடிக்கப் பார்ப்பார், விடாதீர்கள். அது போனால் யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள், தாடியோடு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி, வாஷ்பேசின், ஒரு பெட்டி டிஸ்போஸபிள் ரேசர் வையுங்கள். மறந்து வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் ஐந்து நிமிஷம் கொடுத்தால் போதும். சர்க்குலரைப் புரட்டாசியிலேயே ஒட்டிவிடுங்கள். மாலை போட நினைப்பவர்கள் மாற்றுப் பணிக்கு எழுதிக் கொடுக்கவும், நீங்கள் ஷிப்ட் பட்டியலைத் திருத்தவும் ஒரு மாதம் வேண்டும்.