புரையேறாமல் ஊட்டுவது: முதியோர் இல்லப் பணியாளர்களுக்கு

சாப்பிடும்போது புரையேறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று தலையில் இரண்டு தட்டு தட்டி, ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். திடமாக இருப்பவர்களுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. பக்கவாதம், பார்க்கின்சன், மறதிநோய் உள்ளவர்களிடம் அந்த ஒரு வாய்த் தண்ணீர்தான் ஆபத்து. விழுங்கும்போது மூச்சுக்குழாய் சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். இவர்களுக்கு அது தாமதமாக மூடும். சாதக் கவளம் மெதுவாக நகர்வதால் தப்பிவிடும், தண்ணீரோ மூடுவதற்குள் உள்ளே ஓடிவிடும்.

இருமுகிறார் என்றால் தொண்டை இன்னும் காவல் காக்கிறது என்று அர்த்தம். இருமலே இல்லாமல் நுரையீரலுக்குள் இறங்குவதைத்தான் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். நாலைந்து கரண்டிக்கு ஒருமுறை "ஆ... சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளவென்று இருந்தால், குரல்வளையின் மேல் ஏதோ தங்கியிருக்கிறது. தொண்டையைச் செருமி, வெறும் எச்சிலை இன்னொரு தடவை விழுங்கச் சொல்லுங்கள். குரல் தெளியாவிட்டால் அந்த வேளை ஊட்டுவதை நிறுத்தி நர்ஸிடம் சொல்லுங்கள். சாப்பிடும்போது கண் கலங்குவது, மூக்கொழுகுவது, மூச்சு வாங்குவது, அடிக்கடி வந்துபோகும் காய்ச்சல் எல்லாம் இதே வகை அடையாளங்கள்தான்.

உட்காரவைப்பது

பாதி படுத்த நிலையில் வாய்வழி ஊட்டக் கூடாது. நாற்காலியில் இடுப்பு பின்னால் ஒட்டும்படி, பாதம் தரையில் படும்படி, முதுகு 90 டிகிரியில். கட்டிலில்தான் முடியும் என்றால் தலைப்பக்கத்தை முழுக்க உயர்த்தி, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். அது இல்லாவிட்டால் பத்து நிமிஷத்தில் கீழே சரிந்துவிடுவார். சாப்பிட்ட பிறகும் 30 நிமிஷம் அப்படியே இருக்கட்டும். அடுத்த படுக்கைக்குப் போகும் அவசரத்தில் உடனே படுக்கவைப்பதுதான் பல இல்லங்களில் நடக்கும் தவறு.

ஊட்டுகிறவரும் உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய்க்கு வழி திறந்துவிடும். உங்கள் கண் அவர் கண் மட்டத்தில், கரண்டி கொஞ்சம் கீழிருந்து வந்தால் தாடை தானாகவே லேசாகத் தாழும். டம்ளரைக் கவிழ்த்து அண்ணாந்து குடிக்கும் பழக்கத்தையும் இதே காரணத்துக்காக நிறுத்திவிடுங்கள்.

கரண்டி வேகம்

டீஸ்பூன்தான், குழம்புக் கரண்டி கூடாது. முதல் இரண்டு வாய் பாதி டீஸ்பூன், அதாவது இரண்டு, இரண்டரை மில்லி. பிறகு முழு டீஸ்பூன். அடுத்த வாய்க்கு முன்னால் கழுத்தைப் பாருங்கள். தொண்டை முடிச்சு மேலே ஏறி இறங்கினால்தான் விழுங்கிவிட்டார். வாய் அசைவதை நம்பாதீர்கள், மென்றுகொண்டே இருப்பார்கள். பக்கவாதம் வந்தவருக்கு நல்ல பக்கத்தில் கரண்டியை வையுங்கள். செயலிழந்த பக்கக் கன்னத்துக்குள் சாதம் சேர்ந்திருப்பது அவருக்கே தெரியாது. முடித்ததும் அங்கே பார்த்துத் துடைத்தெடுங்கள்.

மறதிநோய் உள்ளவர் வாயைத் திறக்க மறுத்தால், கரண்டியை அவர் கையில் கொடுத்து அந்தக் கையை உங்கள் கையால் அடியில் தாங்கி வாய்க்குக் கொண்டுபோங்கள். காலகாலமாகச் செய்த அசைவு என்பதால் வாய் பல நேரம் தானாகத் திறக்கும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவரைத் தட்டி எழுப்பி ஊட்டவே கூடாது. அரை மணிக்கு மேல் போனால் களைத்துவிடுவார், களைத்த தொண்டை தப்பு செய்யும். மீதியை இரண்டு மணி நேரம் கழித்து ஆறாமல் கொடுக்கலாம்.

எந்தச் சாப்பாடு தொல்லை

நம்முடைய சமையலில் முதல் தொல்லை ரசஞ்சாதம். சாதம் வாயில் நிற்க, ரசம் மட்டும் முன்னால் ஓடும். தொண்டை இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். பால் ஊற்றிய அவல், தர்பூசணி, சாத்துக்குடிச் சுளை எல்லாம் இதே ரகம். உப்புமா ரவை ரவையாகச் சிதறும். பொடி தடவிய காய்ந்த இட்லி மேலண்ணத்தில் ஒட்டும். இட்லியை சாம்பாரில் ஊறவைத்து, தட்டில் தனியாக நீர் நிற்காதபடி மசித்தால் நல்ல உணவு. குழைய வடித்த சாதத்தில் கெட்டிப் பருப்பும் நெய்யும், அல்லது கெட்டித் தயிர் விட்டுப் பிசைவதும் அப்படியே. தாளிப்பின் கறிவேப்பிலை, கடுகு, மிளகாய் வற்றல் சாப்பாட்டில் விழக் கூடாது. அவற்றின் வாசனையை எண்ணெயில் ஏற்றி, வடிகட்டி, எண்ணெயை மட்டும் சேர்க்கலாம். பார்வையாளர் நாளில் வரும் முறுக்கு, பொரிகடலை, முழு திராட்சை ஆகியவை அறைக்குள் போவதற்கு முன் உங்கள் கண்ணில் பட வேண்டும்.

திரவத்தைக் கெட்டியாக்கச் சொல்லியிருந்தால் கண்ணளவு போதாது. உணவும் திரவமும் எவ்வளவு கெட்டி என்பதை நிலைகளாகப் பிரிக்கும் ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற சர்வதேச அளவுகோலில் ஒரு எளிய சோதனை உண்டு. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்து, 10 வரை ஊற்றி, விரலை எடுத்து 10 வினாடி ஓடவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். உள்ளே மீதி 1 முதல் 4 மில்லி என்றால் முதல் நிலை, 4 முதல் 8 என்றால் இரண்டாம் நிலை, 8-க்கு மேல் நின்று, கொஞ்சமாவது ஓடியிருந்தால் மூன்றாம் நிலை. சிரிஞ்சில் 0 முதல் 10 வரையான நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்; அளவு மாறினால் கணக்கும் மாறும்.

கஞ்சி, ராகிக்கூழ் ஊட்டும்போது ஒரு வினோதத்தைப் பார்க்கலாம். கெட்டியாக ஆரம்பித்த கிண்ணம் பாதியில் நீர்த்துப்போகும். சமையல்காரரைத் திட்டிப் பயனில்லை. வாய்க்குப் போய்வந்த கரண்டியில் ஒட்டும் எச்சிலில் மாவுச்சத்தைக் கரைக்கும் நொதி இருக்கிறது. கிண்ணத்திலிருந்து நாலைந்து கரண்டி தனிக் குவளையில் எடுத்துப்போட்டு அதிலிருந்து ஊட்டுங்கள். முதல் கிண்ணத்தில் எச்சில் கரண்டி படக் கூடாது.

கெட்டியாக்கிய நீரை யாரும் ஆசையாகக் குடிப்பதில்லை. வேளைக்கு 200 மில்லி என்று திணிக்காமல், 50 மில்லியாகப் பல தடவை கொடுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகிறதா, மலச்சிக்கல், புதிய குழப்பம் வருகிறதா என்று பாருங்கள். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு டாக்டர் சொன்ன அளவே அளவு.

மாத்திரை

விழுங்க முடியாதவருக்கு எல்லாவற்றையும் இடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பெயருக்குப் பின் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று இருந்தால் நாள் முழுக்க மெதுவாக இறங்க வேண்டிய மருந்து. இடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் உடம்பில் ஏறும். டாக்டரிடம் சிரப்போ வேறு மாத்திரையோ கேளுங்கள். இடிக்கலாம் என்று சொன்னதை மட்டும் மசித்த வாழைப்பழத்தில் ஒரே டீஸ்பூனில் கொடுங்கள். முழுச் சாப்பாட்டிலும் கலந்தால், மீதி வைத்த சாதத்தோடு மருந்தும் போய்விடும்.

வாய்

நுரையீரலுக்குள் போகும் எச்சிலில் கிருமி எவ்வளவு என்பதைப் பொறுத்தே நிமோனியா. எனவே பல்லே இல்லாதவருக்கும் காலையும் இரவும் ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் சுத்தம் செய்ய வேண்டும். மென்மையான பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், துப்ப முடியாவிட்டால் ஈரத் துணி. பல்செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவையுங்கள்.

அடைத்துக்கொண்டால்

சத்தமாக இருமினால் முன்னால் சாய்த்துப் பிடித்து இருமவிடுங்கள், தண்ணீர் வேண்டாம். சத்தம் வராமல், பேச முடியாமல், உதடு நீலமானால் உடனே ஒருவரை 108-க்கு அழைக்கச் சொல்லிவிட்டு, முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வெளிவராவிட்டால் பின்னாலிருந்து தொப்புளுக்குச் சற்று மேலே கைமுஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக 5 அழுத்தம். மாற்றி மாற்றித் தொடருங்கள். சக்கர நாற்காலி என்றால் முதலில் பிரேக். கண்ணுக்குத் தெரியாததை விரலைவிட்டுத் துழாவாதீர்கள், இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும். நினைவு தப்பினால் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.