புத்திசாலித்தனம் காலை வாரும் இடங்கள்

கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸின் ஆங்கில லோகோவில் கடைசி இரண்டு எழுத்துகளுக்கு (E, x) நடுவே இருக்கும் வெற்றிடம் ஓர் அம்பு. 1994இல் லிண்டன் லீடர் வடிவமைத்தது. அந்த அம்பைக் கவனிக்காதவர்கள் ஏராளம். அவர்களுக்கும் பெயர் தடங்கலில்லாமல் வாசிக்கக் கிடைக்கிறது. இதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்பவர்கள் அம்பை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். லீடரோ யூனிவர்ஸ், ஃபியூச்சரா என்ற இரண்டு எழுத்துருக்களின் குணங்களைக் கலந்து, எழுத்துகளையே திருத்தி அந்த இடத்தை உருவாக்கினார். எழுத்தைத் தொடாமல் படத்தை நடுவில் திணித்தால் முதலில் உடைவது பெயர்தான்.

தமிழில் இந்த ஆபத்து அதிகம். மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பதில் பூவோ நட்சத்திரமோ வைப்பது பலருக்கும் பிடித்த உத்தி. அது பெரிதாகிவிட்டால் கண் அதை அலங்காரம் என்று தாண்டிப் போகும்; ‘க்’ வெறும் ‘க’ ஆகிவிடும். ‘எ’வையும் ‘ஏ’வையும் பிரிப்பது ஒரு சிறு கோடு, ‘ஒ’வையும் ‘ஓ’வையும் பிரிப்பது ஒரு சுழி. அந்தக் கோட்டை இலையாக மாற்றும் ஆசை வந்தால், லோகோவை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தயங்கினால் இலை போகட்டும்.

அடுத்த தவறு, பெரிய திரையில் மட்டும் பார்த்து முடிவு செய்வது. உலாவித் தாவலில் லோகோவுக்குக் கிடைப்பது 16 பிக்சல் அகலம். மொத்த அகலத்தில் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளி அங்கே ஒரு முழு பிக்சல்கூடத் தேறாது. சாம்பல் கறையாகக் கலங்கிவிடும். சின்ன அளவுக்கு, ஒளிந்திருக்கும் படத்தை விட்டுவிட்டுத் தனி வடிவம் வரைவதே முறை. கறுப்பு என்ற ஒரே நிறத்திலும் ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள். சிவப்பு, பச்சை வேறுபாட்டை மட்டும் நம்பிய உத்திகள் அப்போதே பல்லிளிக்கும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு வகை நிறக்குறைபாடு உண்டு.

புதுமைக்காக அடையாளத்தையே கழற்றுவதும் உண்டு. டிராப்பிக்கானா 2009இல் தன் பழச்சாறுப் பெட்டியிலிருந்து உறிஞ்சுகுழல் செருகிய ஆரஞ்சை எடுத்துவிட்டுக் கண்ணாடித் தம்ளரைப் போட்டது. ஆரஞ்சுப் பழம் போன்ற புது மூடி உண்மையிலேயே அழகான யோசனை. ஆனால் வழக்கமாக வாங்குபவர்களின் கண் தேடியது பழைய படத்தை. இரண்டு மாதங்களுக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்து, பழைய பெட்டி திரும்பி வந்தது.

பொருள்களில் தவறு இன்னும் அப்பட்டமாகத் தெரியும். கதவின் இருபுறமும் ஒரே மாதிரி கைப்பிடி வைத்தால் பார்க்கச் சமச்சீராக இருக்கும். தள்ள வேண்டிய பக்கத்திலும் கை இழுக்கத்தான் போகும். பிறகு ‘தள்ளவும்’ என்று ஒட்டுவார்கள். வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் இதைப் பற்றி விரிவாக எழுதியதால் இத்தகைய கதவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. தள்ளும் பக்கத்தில் பிடிக்க இடமில்லாத தட்டையான தகடு போதும், எழுத்தே வேண்டாம்.

1990இல் வந்த இரண்டு சமையலறைப் பொருள்களை ஒப்பிடுங்கள். வடிவமைப்பாளர் ஃபிலிப் ஸ்டார்க் அலெஸ்ஸி நிறுவனத்துக்காக வடிவமைத்த மூன்று கால் எலுமிச்சைப் பிழிவானில் வடிகட்டி இல்லை. விதையும் சாறோடு தம்ளரில் விழும். அதன் தங்கமுலாம் பதிப்பில் எலுமிச்சை அமிலம் பட்டால் முலாம் கெடும். காட்சிப்பொருளாக வாங்கினால் குறையில்லை. அதே ஆண்டு வந்த ஆக்ஸோ தோல்சீவியின் யோசனை, அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சாம் ஃபார்பரின் மனைவிக்கு மூட்டுவாதத்தால் சாதாரணச் சீவியைப் பிடிக்கச் சிரமமானதிலிருந்து பிறந்தது. தடித்த மென்ரப்பர் பிடி, விரல் பதியும் இடத்தில் வளைந்துகொடுக்கும் மெல்லிய மடல்கள். வலி இல்லாத கைக்கும் அதுவே வசதி.

மாதிரியைச் சோதிக்கும்போது விளக்கம் சொல்லாதீர்கள். விளக்கிய பிறகு கிடைக்கும் பாராட்டு கணக்கில் சேராது. ஈரக் கையோடும் எண்ணெய்க் கையோடும் பயன்படுத்தச் சொல்லி, கடைசியில் கழுவவும் சொல்லுங்கள். பிரஷ் நுழையாத இடுக்கு இருந்தால் பிளாஸ்டிக் வார்க்கும் உலோக அச்சு வெட்டுவதற்கு முன்பே சரிசெய்யுங்கள். பிடியின் தடிமனில் சந்தேகம் இருந்தால் மெலிந்த அளவில் தொடங்குவது நல்லது. அச்சிலிருந்து உலோகத்தைக் குடைந்தெடுத்துப் பொருளைத் தடிமனாக்குவது எளிது. மெலிதாக்க வேண்டுமானால் அச்சில் உலோகத்தைப் பற்றவைத்து மறுபடி கடைய வேண்டிவரும்.