கோல்ஃப் ஆடுவதிலும் பார்ப்பதிலும் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேற்று இரவு டிவியில் பார்த்த ஷாட்டை இன்று காலை நீங்களே அடித்துப் பார்க்கலாம். கோல்ஃபை ஆடவும் செய்து, பெரிய போட்டிகளைப் பின்தொடரவும் செய்கிறவருக்குக் கிடைக்கும் பெரிய சந்தோஷம் இது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. டிவியில் பார்த்ததை வைத்து நம் ஆட்டத்தை அளக்கிறோம். நம் ஆத்திரத்தை வைத்துப் பெரிய வீரர்களின் ஆட்டத்தை எடைபோடுகிறோம். நான் கவனித்தவரை, ரசிகர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்தத் தப்பான அளவுகோலால் வருகிறவைதான்.

டிவி எதைக் காட்டுகிறது என்று முதலில் யோசியுங்கள். ஒரு பெரிய போட்டியில் வியாழக்கிழமை நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆடத் தொடங்குகிறார்கள். கேமரா போவது முன்னணியில் இருக்கும் சிலரிடம் மட்டும். அன்றைக்கு யாருக்கு எல்லாம் சரியாக அமைந்ததோ அவர்களைத்தான் நாம் பார்க்கிறோம். இரண்டு நாள் முடிவில் பின்தங்கியவர்களை வெளியேற்றும் ‘கட்’ எல்லையைத் தாண்டாமல் வெள்ளிக்கிழமையே ஊருக்குக் கிளம்பியவர்களும் அதே தரத்து ஆட்டக்காரர்கள்தான், ஆனால் அவர்கள் புல்லுக்குள் தடுமாறியதை யாரும் காட்டுவதில்லை. விளைவு, நிபுணர்கள் தவறவே மாட்டார்கள் என்று மனதில் பதிந்துவிடுகிறது.

உண்மை நிலவரம் வேறு. குழியை நோக்கிப் பந்தை உருட்டிவிடும் அடிக்கு ‘பட்’ என்று பெயர். 8 அடி தூரத்து பட்டை உலகின் தலைசிறந்த வீரர்களே ஏறக்குறைய பாதி தடவைதான் குழிக்குள் போடுகிறார்கள். ஃபேர்வே எனும் வெட்டிய புல்தரையில் 150 யார்டு தள்ளி நின்று அவர்கள் அடிக்கும் பந்து, சராசரியாகக் குழியில் நட்ட கொடிக்கு 20 அடிக்கு மேல் விலகித்தான் நிற்கிறது. இது தெரியாதவர் தன் 8 அடி பட்டைத் தவறவிட்டதும் தலையில் அடித்துக்கொண்டு, அந்தக் கோபத்தையே அடுத்த குழியின் முதல் அடிக்கான இடமான டீக்கும் எடுத்துப் போவார். தெரிந்தவர், பந்து குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டுப் போனால்கூட ‘நல்ல பட்’ என்று சொல்லிவிட்டு நடப்பார். அவருடைய காலைப் பொழுது எவ்வளவோ நன்றாகப் போகும்.

தூரத்தின் மேல் இருக்கும் மோகம் அடுத்தது. டிவியில் டீயிலிருந்து அடிக்கும் 300 யார்டு டிரைவ்களைப் பார்த்துப் பழகியவர், குழிக்கு மிகத் தொலைவில் உள்ள கடைசி டீயில் நின்று ஆடுவதை ஒரு மரியாதைப் பிரச்சினையாக எடுத்துக்கொள்கிறார். அங்கே நின்றால் நான்கு ஷாட்டில் முடிக்க வேண்டிய பார் 4 குழி ஒவ்வொன்றிலும் இரண்டாவது ஷாட்டுக்கும் நீளமான கிளப்பைத்தான் (மட்டையைத்தான்) எடுக்க வேண்டியிருக்கும். குழி இருக்கும் கிரீனுக்குக் குறிபார்த்து அயர்ன் எனும் குறுகிய மட்டையால் அடிக்கும் வாய்ப்பே வராது, விளையாட்டின் சுவையான பாதி பறிபோய்விடும். உங்கள் டிரைவ் 200 யார்டு போகிறது என்றால் மொத்தம் 5,200 முதல் 5,400 யார்டு வரை உள்ள டீக்கள் போதும் என்று அமெரிக்கக் கோல்ஃப் அமைப்புகளே பரிந்துரைத்திருக்கின்றன. 250 யார்டு அடிப்பவருக்கு 6,200 முதல் 6,400. இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

தூரம் இல்லாமல் எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு இந்திய வீராங்கனை அதிதி அசோக்கைப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் அவரோடு ஆடியவர்கள் டீயிலிருந்து அவரைவிட வெகுதூரம் அடித்தார்கள். அவர் கிரீனைச் சுற்றிய ஆட்டத்தையும் பட்டிங்கையும் வைத்தே நான்கு நாளும் பதக்கப் போட்டியில் நின்று, வெண்கலத்தை ஒரே ஒரு ஷாட்டில் தவறவிட்டு நான்காவதாக முடித்தார். அந்தப் போட்டியைப் பார்த்த பிறகும் டீயிலிருந்து தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரைப் புதிதாக வாங்குவதைப் பற்றியே பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பயிற்சி மைதானத்தில் கூடை கூடையாக டிரைவர் அடித்துவிட்டு, பட்டிங் கிரீன் பக்கம் எட்டியே பார்க்காமல் கிளம்புவதும் இதே ரகம்.

ஆட்டத்துக்கு நடுவில் ஸ்விங்கை மாற்றுவதும் வேண்டாம். வீடியோவில் பார்த்த மணிக்கட்டுத் திருப்பத்தை ஏழாவது குழியில் சோதித்துப் பார்க்கக் கூடாது. அதற்குப் பயிற்சி மைதானம் இருக்கிறது.

ஸ்கோர் விஷயத்துக்கு வருவோம். ஒரே ஒரு பார் 5இல் 11 வாங்கியதும் பலருக்கு அன்றைய நாள் அங்கேயே முடிந்துவிடுகிறது. மொத்த ஷாட்களை எண்ணுவது ஒன்றுதான் கோல்ஃப் என்று நினைப்பதால் வரும் வலி இது. வழக்கமான ஸ்டேபிள்ஃபோர்டு முறையில், உங்கள் திறனுக்கேற்பக் கிடைக்கும் சலுகை ஷாட்களான ஹேண்டிகேப்பைக் கணக்கில் சேர்த்த பிறகு, பாருக்கு 2 புள்ளி, பாரைவிட ஒன்று குறைவான பேர்டிக்கு 3, ஒன்று கூடுதலான போகிக்கு 1. அதற்கு மேல் எத்தனை அடித்தாலும் பூஜ்யம், அவ்வளவுதான். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த டீக்கு நடக்கலாம். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற மருத்துவர் வகுத்த இந்த முறையில் 1932இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் போட்டி நடந்தது. ஒரு மோசமான குழி முழு நாளையும் விழுங்கிவிடாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. நண்பர்களோடு ஆடும்போது இதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆட்டமும் வேகமாக நகரும்.

வேகம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் 3 நிமிடம்தான் அனுமதி, பழைய 5 நிமிடம் இல்லை. பலர் இன்னும் பழைய கணக்கிலேயே புதரைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள், பின்னால் இரண்டு குழுக்கள் காத்து நிற்கும். சந்தேகம் இருந்தால் முன்னே நடப்பதற்கு முன்பே மாற்றுப் பந்து ஒன்றை அடித்துவிடுங்கள்.

கிளப் போட்டியில் ஆடுகிறவர்கள் இரண்டு பேரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2001 பிரிட்டிஷ் ஓபனின் கடைசி நாள், இயன் வூஸ்னம் முதல் குழியில் பேர்டி போட்டார். இரண்டாவது டீயில்தான் தெரிந்தது, பையில் டிரைவர் இரண்டு, மொத்தம் 15 கிளப். அனுமதி 14. இரண்டு ஷாட் தண்டனை. அதற்கு முன்னால், 1968இல் அமெரிக்காவின் பெரிய போட்டியான மாஸ்டர்ஸில் ராபர்ட்டோ டி விசென்சோ 17வது குழியில் 3 அடித்தார். அவருடைய கார்டை எழுதியவர் அதை 4 என்று குறித்துவிட்டார். அவர் கவனிக்காமல் கையெழுத்துப் போட, அந்தக் கூடுதல் ஷாட் அப்படியே நின்றது, சமநிலையில் நிற்பவர்கள் ஆடும் பிளேஆஃப் வாய்ப்பே கைவிட்டுப் போனது. கிளம்பும் முன் கிளப்பை எண்ணுங்கள், கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு குழியாகக் கார்டைச் சரிபாருங்கள். இரண்டுக்கும் சேர்த்து சில நிமிடம் கூட ஆகாது.

சரி, பார்க்கும் பக்கம். ஞாயிறு கடைசி ஒரு மணி நேரத்தையும் ஹைலைட்ஸையும் மட்டும் பார்ப்பது பெரிய இழப்பு. 2025 மாஸ்டர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ரோரி மெக்கில்ராய் பிளேஆஃபில் பேர்டி போட்டு, புல்தரையில் மண்டியிட்டு அழுததை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த அழுகை எங்கிருந்து வந்தது என்று புரிய வியாழக்கிழமையிலிருந்தே பார்த்திருக்க வேண்டும். அன்று 15ஆவது, 17ஆவது குழிகளில் பாரைவிட இரண்டு கூடுதலான டபுள் போகி, 72இல் முடித்து, 65 அடித்த ஜஸ்டின் ரோஸுக்கு ஏழு ஷாட் பின்னால் நின்றார். அப்புறம் இரண்டு நாளும் 66. ஞாயிறு முதல் குழியிலேயே மறுபடி டபுள் போகி. 13ஆவதில், கையில் குறுந்தூர மட்டையான வெட்ஜ் வைத்துக்கொண்டு, கிரீனில் அவ்வளவு இடம் இருந்தும் பந்தை ஓடையில் போட்டார். 18ஆவதில் ஐந்தடி பட் தவறியது. நான்கு டபுள் போகியோடுதான் அவர் நான்கு பெரும் போட்டிகளையும் வெல்லும் கிராண்ட் ஸ்லாமை நிறைவு செய்த ஆறாவது ஆளானார். கடைசி பட்டை மட்டும் பார்த்தவருக்கு அது ஒரு வெற்றி. நான்கு நாளும் கூடவே இருந்தவருக்கு மூச்சு முட்டிப்போனது.

போட்டியை நேரில் பார்க்கப் போகிறவர்கள் பிரபல வீரரின் பின்னாலேயே ஓடுகிறார்கள். கூட்டத்தின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. அவருக்கு இரண்டு குழி முன்னால் போய், பார் 3 கிரீன் ஓரமாக இடம் பிடித்து உட்காருங்கள். குழு குழுவாக வருவார்கள். ஒரே காற்றில், ஒரே கொடிக்கு ஒவ்வொருவரும் வேறு வேறு கிளப்பை எடுப்பதைப் பார்ப்பதே ஒரு பாடம். இன்னொன்று, நட்சத்திரம் பட் போட்டு முடித்ததும் கூட்டம் கலையத் தொடங்கும். அவரோடு ஆடுபவருக்கு இன்னும் மூன்றடி பட் பாக்கி இருக்கும். அவருக்கு அந்தப் பட்டில் அடுத்த வருட வேலையே அடங்கியிருக்கலாம். தயவுசெய்து அசையாமல் நில்லுங்கள், போனையும் அமைதியாக்கி வையுங்கள்.

பயிற்சி இடத்தையும் தவறவிடாதீர்கள், அங்கே கயிற்றுக்குப் பக்கத்திலேயே நிற்க முடியும். ஒரே வீரரை ஒரு மணி நேரம் பாருங்கள். ஒரே இடத்திலிருந்து ‘சிப்’ எனும் ஒரே சிறு தூக்கு அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பார், பந்து எங்கே விழுகிறது என்பதைத்தான் கவனிப்பார், குழிக்குள் போனதா என்றுகூடப் பார்க்க மாட்டார்.