கூப்பிட்ட பத்தாவது நிமிடம் மேல்தளத்தில்: ஸ்வால்பார்ட் கப்பலில் முதல் நாட்களுக்கான வழிகாட்டி

நோர்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளைச் சுற்றும் சிறிய கப்பலில் இடம் பிடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கப்பல் புறப்படும் லாங்இயர்பியன் ஊரே 78 டிகிரி வடக்கில் இருக்கிறது. பெரிய சொகுசுக் கப்பல்களில் நேர அட்டவணையைப் பார்த்து வாழலாம். இங்கே ஒலிபெருக்கிதான் அட்டவணை. “வலப்பக்கம் பனிக்கரடி” என்ற அறிவிப்பு சாப்பாட்டின் நடுவிலும் வரும், விடிகாலை மூன்று மணிக்கும் வரும். பத்து நிமிடத்துக்குள் முழு உடையோடு வெளித்தளத்தில் நிற்கப் பழகிவிட்டால் இந்தப் பயணம் உங்கள் கைக்கு வந்துவிட்டது. கீழே சொல்லும் எல்லாமே அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான்.

கிளம்பும் முன் ஒரு விஷயம். ஸ்வால்பார்டுக்கென்று விசா கிடையாது. ஆனால் வழக்கமாக நோர்வே நிலப்பகுதி வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால், அங்கே போவது வெளியேறுவதாகவும் திரும்புவது மறுபடி நுழைவதாகவும் கணக்கு. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்கள் பலமுறை நுழையும் விசாவாகப் பார்த்து விண்ணப்பியுங்கள். மருத்துவ அவசரத்தில் விமானத்தில் ஏற்றிச் செல்லும் செலவையும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள். லாங்இயர்பியன் மருத்துவமனை சிறியது. பெரிய சிகிச்சை என்றால் நோர்வே நிலப்பகுதியில் உள்ள டிரோம்சோ நகருக்குத்தான் அனுப்புவார்கள்.

1. முதல் மணி நேரத்தில் கேபினை ஒழுங்குபடுத்துங்கள்

பெட்டியை முழுவதும் காலி செய்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். பெட்டியிலிருந்தே எடுத்து எடுத்து உடுத்தினால் ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போய்விடும். கனமானவை கீழ் இழுப்பறையில் இருக்கட்டும். கேமரா, லேப்டாப், கண்ணாடிக் குவளை எதையும் மேசைமேல் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். இரவில் கப்பல் திறந்த கடலுக்கு வந்தால் காலையில் அவை தரையில் கிடக்கும்.

கொக்கிகளில் உடைகளை மாட்டும் வரிசை முக்கியம். போடும் வரிசைப்படியே மாட்டுங்கள்: முதலில் தெர்மல் உள்ளாடை, அடுத்து ஃபிளீஸ் என்ற மென்மையான கதகதப்பு மேலாடை, பிறகு தண்ணீர் புகாத பேன்ட், கடைசியில் பார்கா என்ற தடித்த குளிர் ஜாக்கெட். கையுறையும் குல்லாவும் பார்காவின் பைக்குள்ளேயே இருக்கட்டும். ஊட்டிக்கு எடுத்துப் போகும் குரங்குக் குல்லா இங்கே அருமையாக உதவும், தயங்காமல் கொண்டு வாருங்கள்.

பிளக் பாயின்ட்கள் பெரும்பாலும் ஐரோப்பிய இரண்டு முனை வகை. நம்மூர் மூன்று முனை பிளக் நுழையாது, அடாப்டர் வேண்டும். கதவு நிலையில் விரல் வைக்கும் பழக்கம் இருந்தால் அன்றே விட்டுவிடுங்கள். கப்பல் சாயும்போது கனமான கதவு அறைந்து மூடும். நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும்.

2. பாதுகாப்புப் பயிற்சி

புறப்படும் நேரத்தை ஒட்டி இது கட்டாயம் நடக்கும். ஏழு குறுகிய ஒலி, பின் ஒரு நீண்ட ஒலி: இதுதான் ஆபத்துக்கால அழைப்பு. நீங்கள் கூட வேண்டிய இடம் கேபின் கதவின் உட்புறம் எழுதியிருக்கும். அங்கே போகும் வழியை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

3. பூட்ஸும் சுத்தமும்

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸைப் பல கப்பல்களில் அவர்களே தருவார்கள். தடித்த கம்பளிக் காலுறையோடு போட்டுப் பாருங்கள். விரல்களை அசைக்க இடமில்லை என்றால் பெரிய அளவு கேளுங்கள். இறுக்கமான பூட்ஸில் கால் சீக்கிரம் விறைத்துவிடும்.

அடுத்தது விதைச் சோதனை. ஆர்க்டிக் பயணக் கப்பல் நிறுவனங்கள் 2003-இல் ஏஇசிஓ என்ற சங்கத்தைத் தொடங்கிப் பொது நடைமுறைகளை வகுத்துக்கொண்டன. கரையில் அணியப்போகும் துணி, பை, கேமரா ஸ்டாண்ட் எல்லாவற்றையும் இறங்குவதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அதில் ஒன்று. கப்பலின் ஒவ்வொரு தளமாகக் கூப்பிடுவார்கள், வாக்யூம் கிளீனர் தயாராக இருக்கும். பேன்ட் பையை வெளியே இழுத்து மூலைத் தையலைப் பாருங்கள், வெல்க்ரோ பட்டையை வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். கொடைக்கானல் மலையேற்றத்துக்குக் கொண்டுபோன பையாக இருந்தால் நாயுருவி முள் ஒன்றாவது அதில் ஒட்டியிருக்கும். சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். இதைச் சடங்காகச் செய்யாதீர்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். விரலளவு உயரம் வளரவே பல ஆண்டுகள் எடுக்கும் செடிகள் உள்ள மண் அது. வெளியூர்க் களை ஒன்று வேரூன்றினால் அகற்றுவது பெரும்பாடு.

4. உடை

ஜூலையில் வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும். பயப்படும் அளவு குளிரில்லை. படகு வேகத்தில் அடிக்கும் காற்றும் தெறிக்கும் தண்ணீரும்தான் வாட்டும். பருத்தி பனியனை ஊரிலேயே வைத்துவிடுங்கள், நனைந்தால் அது உடம்பைக் குளிர வைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை தெர்மல் போதும். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும்; உள்ளே செருகினால் அலைத் தண்ணீர் நேராகப் பூட்ஸுக்குள் இறங்கும்.

5. ரப்பர் படகில் ஏறி இறங்குவது

புதியவர்கள் அதிகம் தயங்குவது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஸோடியாக் என்று கூப்பிடும் ரப்பர் படகில் சுமார் பத்துப் பேர் ஏறலாம். கப்பலை விட்டு வெளியேறும் முன் உங்கள் அட்டையை ஸ்கேன் செய்வார்கள், அல்லது பலகையில் உங்கள் எண்ணைத் திருப்பி வைக்கச் சொல்வார்கள். திரும்பியதும் மறக்காமல் மறுபடி செய்யுங்கள். மறந்தால் நீங்கள் கரையில் நிற்பதாகக் கருதித் தேட ஆரம்பிப்பார்கள்.

படிக்கட்டின் அடியில் நிற்கும்போது இரு கைகளும் காலியாக இருக்க வேண்டும். கேமரா முதுகுப்பையில், பை முதுகில். படகோட்டி கையை நீட்டுவார். உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள், அவர் முன்கையை நீங்கள் பிடிக்க, உங்கள் முன்கையை அவர் பிடிப்பார். ஈரத்தில் ஒருவர் பிடி வழுக்கினாலும் இன்னொருவர் பிடி நிற்கும். படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். “இப்போது” என்று அவர் சொல்லும்வரை காலை எடுக்காதீர்கள். ஒரு கால் படகின் ரப்பர் விளிம்பில், அடுத்தது உள்ளே, உடனே உட்கார்ந்து நகர்ந்துவிடுங்கள். கரை வந்ததும் படகில் உட்கார்ந்தபடியே முன்பக்கம் நகர்ந்து, இரு கால்களையும் வெளியே போட்டு, அலை வடியும்போது இறங்குங்கள். முழங்காலுக்குக் கீழ் தண்ணீர் இருக்கும், பூட்ஸ் அதற்குத்தான்.

இறங்கும் முன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். கரையில் அதற்கு வசதியும் இல்லை, அனுமதியும் இல்லை.

6. கரையில்

வழிகாட்டிகள் துப்பாக்கியோடு முதலில் இறங்கி, கரடி இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் உங்களை அழைப்பார்கள். துப்பாக்கி கடைசி வழி. கரடி தெரிந்தால் எல்லோரையும் படகில் ஏற்றிக் கிளம்புவதுதான் நடைமுறை. கூட்டத்தை விட்டுப் பத்தடி கூட விலகாதீர்கள். 2025 முதல் நோர்வே விதிப்படி கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். கிட்டத்தில் படம் எடுக்க முடியவில்லையே என்று சிலர் முணுமுணுப்பார்கள். எனக்கு இந்த விதி மிகவும் பிடித்திருக்கிறது. நல்ல பைனாகுலர் ஒன்று வாங்குங்கள்.

1946-க்கு முற்பட்ட மனிதத் தடயம் எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. துருப்பிடித்த ஆணி, உடைந்த பலகை, திமிங்கில வேட்டைக்காரர் கல்லறைமேல் அடுக்கிய கல் எதையும் தொடக்கூடாது.

7. வயிறும் தூக்கமும்

ஃபியோர்டு எனப்படும், மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடல் நுழைவுகளுக்குள் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். திறந்த கடல் வரப்போகிறது என்று மாலைக் கூட்டத்தில் சொன்னால், தலைசுற்றல் வந்த பிறகு மாத்திரை தேடாமல் முன்கூட்டியே போடுங்கள். எந்த மாத்திரை என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குமட்டினால் கப்பலின் நடுப்பகுதிக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள், வெறும் வயிறோடு இருக்காதீர்கள். சைவம் என்றால் முன்பதிவின்போதே எழுதிக் கொடுங்கள். ஏறிய பிறகு சொன்னால் சமையலறையில் இருப்பதை வைத்துத்தான் சமாளிப்பார்கள். பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோகலாமா என்று கப்பலிடம் கேளுங்கள். கேபினுக்குள் சரி என்றாலும் கரைக்கு எந்த உணவும் கொண்டுபோகக்கூடாது.

லாங்இயர்பியனில் ஏப்ரல் பிற்பாதி முதல் ஆகஸ்ட் பிற்பாதி வரை சூரியன் மறைவதில்லை. கண்பட்டி அவசியம். கடிகாரம் பார்த்துத் திரைச்சீலையை மூடிவிடுங்கள். வெளிச்சம் இருக்கிறதே என்று விழித்திருந்தால் மூன்றாம் நாள் உடம்பு மக்கர் செய்யும்.

8. மாலைக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்

மறுநாள் திட்டம் அங்கேதான் சொல்வார்கள். பனியும் காற்றும் மாற்றச் சொன்னால் இரவோடிரவாக அதையும் மாற்றுவார்கள். ஹின்லோபென் நீரிணையில் பனி அடைத்துக்கொண்டால் ஆல்கெஃப்யெல்லெட் பறவைப் பாறை கைவிட்டுப் போகும், அதற்குப் பதில் வேறொரு பனியாற்றின் முன்னால் நிற்பீர்கள். கப்பல் ஓட்டும் அறைக்குப் பயணிகளை விடும் கப்பலாக இருந்தால் ஓய்வு நேரத்தை அங்கே செலவிடுங்கள். கரடியை முதலில் பார்ப்பது பெரும்பாலும் அங்கே நிற்பவர்கள்தான்.

நீ-ஓலெசுன்ட் என்ற சிறிய ஆய்வு ஊர் திட்டத்தில் இருந்தால் முந்தின இரவே தயாராகுங்கள். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் அங்கேதான் இயங்குகிறது. நுண்ணிய அளவீட்டுக் கருவிகளைக் கெடுக்கும் என்பதால், ஊரைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு வைஃபையும் புளூடூத்தும் அணைந்திருக்க வேண்டும். போனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டு, அந்த இரண்டும் தானாக மறுபடி இயங்குகிறதா என்று தனியாகப் பாருங்கள். ஸ்மார்ட் வாட்ச், காதில் மாட்டும் ஹெட்போன், கேமராவில் உள்ள வைஃபை ஆகியவற்றையும் அணையுங்கள். ஹிமாத்ரிக்குள் பயணிகளை விட மாட்டார்கள், பாதையில் நின்றபடியே படம் எடுத்துக்கொள்ளலாம்.