மர்மத் தொடரின் அடுத்த சீசனுக்கு மார்க் போடுவது எப்படி

"முதல் சீசன் மாதிரி இல்லலா." இந்த ஒரு வரியைச் சொல்ல அடுத்த சீசனைப் பார்த்திருக்கவே வேண்டாம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் தையல் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டு எபிசோட் பார்த்துவிட்டு இதைச் சொல்வார்கள், அளவு ரவிக்கையைக் கொடுப்பார்கள், போய்விடுவார்கள். குடும்பக் கதைக்கு அந்தத் தீர்ப்பு செல்லும். மர்மக் கதைக்குச் செல்லாது. கடைசி எபிசோட் முடிந்த பிறகுதான் முதல் எபிசோடில் நாம் எதைப் பார்த்தோம் என்பதே தெரியவரும். அதனால் நானும் என் வீட்டாரும் பழகிக்கொண்ட முறையை எழுதுகிறேன். எந்தத் தொடரிலும் குற்றவாளி யார் என்று சொல்லமாட்டேன், பயப்படாமல் படிக்கலாம்.

முதலில் ஒரு 555 நோட்டு வாங்குங்கள். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்ன நோட்டு. பெரிய நோட்டு எடுத்தால் கதை முழுவதையும் எழுத உட்கார்ந்துவிடுவீர்கள். புது சீசனைத் தொடங்குமுன் பழைய சீசனில் தீர்ந்தது எது, தீராமல் நின்றது எது என்று நினைவிலிருந்து மட்டும் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். யூடியூபைத் திறக்கக் கூடாது. பின்னால் புது சீசன் நீங்கள் எழுதாத ஒன்றைத் தோண்டி எடுத்துக் காட்டும்போது இந்தப் பக்கம் உதவும். பழைய சீசனுக்குப் போய்ப் பாருங்கள். அது அங்கே உண்மையாகவே இருந்து நாம் கவனிக்காமல் விட்டிருந்தால் எழுதியவருக்கு ஒரு சபாஷ். இல்லாததை இருந்ததாகக் காட்டினால் அங்கேயே மார்க்கைக் குறைக்கலாம்.

எபிசோடின் தலையில் வரும் 'இதுவரை' துண்டைத் தாண்டிவிடுங்கள். போன சீசனில் ஒரே காட்சியில் வந்த டீக்கடைக்காரர் திடீரென்று அதில் தலைகாட்டினால், இன்றைக்கு அவருக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம். காது கேளாதவர்களுக்கான சப்டைட்டிலும் அப்படித்தான். இருட்டில் முகம் காட்டாமல் பேசுகிறவரின் பெயரைச் சில சமயம் அது எழுதியே காட்டிவிடும். என் கொழுந்தனார் ஒரு கதையை அப்படிப் பிடித்துவிட்டு, தன் மூளைதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அடுத்து, இது எந்த வகை 'அடுத்த சீசன்' என்று முடிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் மார்க் போடுவதால்தான் பாதிச் சண்டை.

பெயர் மட்டும் பழையது, கதையும் ஆட்களும் புதிது என்பது ஒரு வகை. நம் ஆட்களுக்கு இது புதிதல்ல. நாகா இயக்கிய 'மர்மதேசம்' தொண்ணூறுகளிலேயே 'ரகசியம்' முடிந்து 'விடாது கருப்பு' என்று வேறு ஊருக்கும் வேறு ஆட்களுக்கும் போனது. யாரும் "சித்தர் எங்கே போனார்" என்று கேட்கவில்லை. அமெரிக்கத் தொடர் 'ட்ரூ டிடெக்டிவ்' அதே வகை. 2014-ல் வந்த முதல் சீசனின் எட்டு எபிசோடையும் ஒருவரே எழுதினார், ஒருவரே இயக்கினார். மறு ஆண்டே இரண்டாவது வந்தது. எழுதியவர் அவரேதான், இயக்கியவர்கள் பலர். தேதியைத் துரத்திக்கொண்டு எழுத வைத்துவிட்டோம் என்று அதை ஒளிபரப்பிய HBO நிறுவனத்தில் பொறுப்பில் இருந்தவரே 2016-ல் ஒப்புக்கொண்டார். மூன்றாவது சீசன் 2019-ல், நிதானமாக வந்தது. ஆகவே இந்த வகைக்கு மார்க் போடுமுன் இரண்டு விவரம் குறித்துக்கொள்ளுங்கள்: முந்தைய சீசனுக்கும் இதற்கும் எத்தனை ஆண்டு இடைவெளி, எழுதியவர் மாறினாரா. கதையை முதல் சீசனோடு ஒப்பிட வேண்டாம். ஆனால் அவர்களே பழைய பொருளைக் கொண்டுவந்து வைத்தால் ஒப்பிடலாம். 2024-ல் அலாஸ்கா பனியில் நடக்கும் நான்காவது சீசனை இஸ்ஸா லோபெஸ் எடுத்தார். முதல் சீசனின் சுருள் சின்னம் அங்கே மறுபடி வருகிறது. அந்தச் சின்னத்தை மனசுக்குள் எடுத்துவிட்டுக் கதையை ஓட்டிப் பாருங்கள். என் கணக்கில் கதை அதில்லாமலும் நிற்கிறது. அப்படியானால் சின்னம் பழைய ரசிகர்களைக் கைதட்ட வைக்க வந்ததுதான்.

இரண்டாவது வகை, அதே கேள்வி தொடர்வது. அமெரிக்காவின் 'தி கில்லிங்' 2011-ல் 13 எபிசோட் ஓடியது. ரோஸி என்ற பெண்ணைக் கொன்றது யார் என்று சொல்லாமலே முடிந்தது. பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். பதில் மறு ஆண்டு, இரண்டாவது சீசனின் கடைசியில்தான் கிடைத்தது. இந்த வகையில் அடுத்த சீசன் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தப் பதிலுக்கு இத்தனை எபிசோட் வேண்டுமா என்று கேட்டே தீர வேண்டும். இன்னொரு அமெரிக்கத் தொடரான 'டுவின் பீக்ஸ்' எதிர்ப் பக்கம். 1990-ல் எட்டு எபிசோடோடு முதல் சீசன் முடிந்தது. லாரா என்ற பெண்ணைக் கொன்றது யார் என்பதைத் தொலைக்காட்சி நிறுவனத்தின் நெருக்கடியால் இரண்டாவது சீசனின் ஏழாவது எபிசோடிலேயே உடைத்துவிட்டார்கள். அந்த சீசனுக்கு மொத்தம் 22 எபிசோட். மீதியைத் தாங்க அதே கனமுள்ள கேள்வி எதுவும் கையில் இல்லை. பார்ப்பவர்கள் குறைந்தார்கள், 1991-ல் நிறுத்திவிட்டார்கள். நோட்டில் ஒரு வரி இதற்கென்று ஒதுக்குங்கள்: பழைய கேள்விக்குப் பதில் வந்த அன்றைக்கு, அடுத்த கேள்வி வீட்டுக்குள் வந்துவிட்டதா?

மூன்றாவது, அதே துப்பறிவாளர், புது வழக்கு. நாம் அதிகம் பார்ப்பதும் அதிகம் சண்டை போடுவதும் இதற்குத்தான்.

புஷ்கர்-காயத்ரியின் 'சுழல்' 2022-ல் வந்தது. சாம்பலூரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் நாட்களில் ஒரு பெண் காணாமல் போகிறாள். 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாவது சீசன் கடலோரக் காளிபட்டினத்துக்குப் போய்விட்டது, திருவிழாவும் அஷ்டகாளிக்கு மாறிவிட்டது. லால் நடித்த வக்கீல் செல்லப்பா இறந்து கிடக்கிறார். எட்டு இளம்பெண்கள், ஆளுக்கு ஆள் "நான்தான் செய்தேன்" என்கிறார்கள். இந்தத் தொடக்கத்துக்கு நான் தாராளமாக மார்க் போட்டேன். 'யார் செய்தது' என்ற பழைய கேள்வியையே மறுபடி கேட்காமல், 'ஏன் எட்டுப் பேரும் சொல்கிறார்கள்' என்று கேள்வியையே மாற்றிவிட்டார்கள். ஆனால் எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேரும் மனுஷியாக நிற்க வேண்டும். அதற்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது: நாலாவது எபிசோட் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு அவர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். கோபக்காரி, பயந்தவள் என்று ஒற்றைச் சொல்லாக வந்தால் அது வரியாகாது. என் நோட்டில் சிலருக்கு வரி வந்தது, சிலருக்கு ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டது. அங்கே குறைத்தேன்.

திருவிழா சும்மா பின்னணியில் ஆடுகிறதா, கதையை இழுக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா ராத்திரியில் யார் என்ன கலர் சேலை கட்டினார் என்று எல்லாருக்கும் தெரியும். யார் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார் என்று ஒருவருக்கும் தெரியாது. உறுமி மேளத்தில் போன் அடித்தால் கேட்காது. இந்தக் குழப்பத்தைக் குற்றத்துக்கும் துப்புக்கும் பயன்படுத்தினால் திருவிழாவுக்கு வேலை இருக்கிறது. கலர் கலராகப் படம் பிடித்ததோடு நின்றால் இல்லை.

சின்ன ஊரில் வசிக்கிறவர்களுக்கு இன்னொரு அளவுகோல் இலவசமாகக் கையில் இருக்கிறது, எழுதுகிறவர்களுக்கு அது பெரும்பாலும் பிடிபடுவதில்லை. இங்கே தோட்டத்து ரோட்டில் தெரியாத கார் ஒன்று ராத்திரி நின்றால், காலையில் தோசைக் கடையில் அதன் நம்பர் தெரியும், யார் வீட்டுக்கு வந்தது என்று இரண்டு விதமான கதையும் தெரியும். ஒரு சீசனில் வெளியூர் ஆள் சின்ன ஊருக்குள் வந்து, வாரக்கணக்கில் தங்கி, ஒருவர் கண்ணிலும் படாமல் காரியம் முடிக்கிறார் என்றால் நான் நம்பமாட்டேன். முதல் சீசன்களில் இந்தக் கோளாறு குறைவு, ஊரைப் பார்த்துப் பார்த்து எழுதியிருப்பார்கள். அடுத்த சீசனில் ஊர் வெறும் இடமாகிவிடும்.

தொழில் புத்தி என்று சிரித்தாலும் பரவாயில்லை, ரவிக்கையையும் பாருங்கள். முதல் சீசன் ஓடிவிட்டால் அடுத்ததற்குப் பணம் வரும். பணம் முதலில் துணியில்தான் தெரியும். ஊர்க்காரர்கள் எல்லாரும் புதுசாக உடுத்தியிருப்பார்கள். நாலு மாதம் ஜெயிலில் இருந்து இளைத்து வந்த பெண்ணின் பழைய ரவிக்கை தோளில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தால், அந்த நாலு மாதத்தை யாரும் யோசிக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

நேர்மையை அளப்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு காலி மைலோ டின் இருக்கிறது. ஒவ்வொரு எபிசோடும் முடிந்ததும் ஆளுக்கு ஒரு பெயர் எழுதி, மடித்து, உள்ளே போட வேண்டும். அழிக்கக் கூடாது, வாயால் சொல்லக் கூடாது. இந்த விதியே கொழுந்தனாருக்காக வந்தது. வரிசையாக எல்லார் பெயரையும் சொல்லிவிட்டு, கடைசியில் "அண்ணி, நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்பார். சீசன் முடிந்ததும் டின்னைக் கொட்டிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். இரண்டாவது எபிசோடிலேயே எல்லாச் சீட்டிலும் சரியான பெயர் இருந்தால் மர்மம் போதவில்லை. கடைசிவரை ஒரு சீட்டில்கூட அந்தப் பெயர் இல்லை என்றால் உடனே பாராட்டிவிடாதீர்கள். ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-லேயே துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதினார். முதல் விதியே, குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே வந்திருக்க வேண்டும் என்பது. ஏழாவது எபிசோடில் புதிதாக ஓர் ஆளைக் கூட்டிவந்து பழியைப் போட்டால் நம்மால் எப்படி எழுத முடியும்? நல்ல சீசனில் அந்தப் பெயர் நடுவில் ஓரிரு சீட்டில் எட்டிப் பார்த்திருக்கும், சீட்டு எழுதியவரே அதை விட்டுவிட்டு வேறு ஆளுக்குப் போயிருப்பார்.

எட்டு எபிசோடையும் ஒரே ராத்திரியில் பார்க்க வேண்டாம். பாதியில் ஓர் இரவாவது இடைவெளி விடுங்கள். மறுநாள் தையல் மிஷினில் உட்காரும்போது கதை தானாக மனசில் ஓடினால் அதுவே பாதி மார்க்.

இனி, எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைக்கும் சோதனை. சீசன் முடிந்த பிறகு முதல் சீசனின் கடைசி எபிசோடை மறுபடி போட்டுப் பாருங்கள். அது இன்னும் நிற்கிறதா? என் மாமியார் வயசுக் காலம் முழுக்கப் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். அவர் சொல்வார்: பட்டையை மெல்லிசாகச் சீவினால் மரம் பட்டையைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும், சில வருஷம் விட்டு அதே இடத்தில் மறுபடி வெட்டலாம். பால் ஆசையில் கத்தியைக் கட்டைவரை இறக்கிவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் அதில் கத்தி ஓடாது. சில சீசன்கள் முதல் கதையைக் கட்டைவரை வெட்டிவிடுகின்றன. செத்தவர் சாகவில்லை, பிடிபட்டவர் செய்யவில்லை, நாம் அழுத அழுகை எல்லாம் வேறு யாரோ ஆட்டிவைத்தது என்று ஆக்கிவிடும். அப்படிப்பட்ட சீசன் எவ்வளவு விறுவிறுப்பாக ஓடினாலும் நான் பாஸ் மார்க் போடுவதில்லை.

இதில் எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு 'பிராட்சர்ச்' என்ற பிரிட்டிஷ் தொடர். 2013-ல் வந்த முதல் சீசனில் ஒரு சிறுவனின் கொலைக்குப் பதில் கிடைத்துவிட்டது. 2015-ல் வந்த இரண்டாவதோ அந்த ஆளை நீதிமன்றத்தில் நிறுத்தி, "நான் குற்றவாளி இல்லை" என்று சொல்ல வைக்கிறது. அவர் முன்பு கொடுத்த வாக்குமூலம் செல்லாமல் போகிறது. முதல் சீசனின் கடைசியில் காவல் நிலையத்தில் ஒரு போலீஸ் அதிகாரி நிதானம் இழந்து கைநீட்டியதுதான் காரணம். மாமியாருக்கு மலாய் சப்டைட்டில் படிக்க வராது, நான் தமிழில் சொல்லச் சொல்லப் பார்ப்பார். எழுத்தைப் பார்க்காததால் முகங்களை எங்களைவிட நன்றாகப் பார்ப்பார். "முடிஞ்சதை ஏம்மா கிளறுறானுங்க, அந்தத் தாயி முகத்தைப் பாரு" என்று எழுந்தே போய்விட்டார். நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. அந்த அடி முதல் சீசனிலேயே இருந்தது, அன்றைக்கு நாம் கைதட்டினோம். அதற்கு விலை உண்டு என்று இந்த சீசன் காட்டுகிறது. பழைய பதிலை மாற்றாமல், பழைய காட்சியைக் கனமாக்குகிறது. நடுவில் இன்னொரு பழைய வழக்கையும் சேர்த்து இழுத்ததற்கு வேண்டுமானால் குறைக்கலாம், குறைத்தேன். 2017-ல் வந்த மூன்றாவது சீசனில் புது வழக்கு, அதே இரண்டு அதிகாரிகள். பையனை இழந்த குடும்பம் ஓரமாக வாழ்ந்துகொண்டே இருக்கிறது, துக்கம் ஆறவில்லை. அதற்கு மாமியாரும் நானும் ஒரே மார்க் போட்டோம்.

கடையில் யாராவது "அக்கா, அடுத்ததைப் பார்க்கலாமா?" என்று கேட்டால் மார்க்கைச் சொல்லாதீர்கள், அது உங்கள் நோட்டுக்கு. முந்தையதைப் பார்த்தாயா என்று முதலில் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் 'ட்ரூ டிடெக்டிவ்' மூன்றாவதை நேராகத் தொடங்கச் சொல்லலாம், ஒன்றும் குறையாது. 'சுழல்' இரண்டாவதைத் தொடங்க விடாதீர்கள். முதல் எபிசோடிலேயே ஐஸ்வர்யா ராஜேஷ் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதே முந்தைய சீசனின் முடிவைப் போட்டு உடைத்துவிடும். முந்தையதைப் பார்த்தவர் என்றால் எந்த வகை சீசன் என்பதை மட்டும் சொல்லி, கொழுந்தனாரைப் பார்ப்பதற்குள் பார்த்து முடிக்கச் சொல்லுங்கள்.